வெட்டுப்பட்ட ‘ன்னு’

கோல்கீப்பரை ரசிகர்கள் ‘கதவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம்வரை அது பெருமையான பேர். இப்போது அவன் மைதானத்துக்குள் கால் வைத்தாலே, “கதவைச் சாத்துங்கடா, காத்து வருது!” என்று எவனாவது கத்துகிறான். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

எல்லாம் ஒரு ‘ன்னு’வால் வந்த வினை.

பரம எதிரி அணியோடு நடந்த ஆட்டத்தில், சப்பையான பந்து ஒன்று அவன் கைகளுக்கு நடுவே நழுவி வலைக்குள் போனது. தோற்றார்கள். அடுத்த வருடம் அவன் அந்த அணிக்கே தாவப்போகிறான் என்று ஏற்கெனவே வதந்தி வேறு. வியர்வை காயாமல் நின்றவனிடம் தொலைக்காட்சி நிருபன் மைக்கை நீட்டி வாயைக் கிளறினான். எரிச்சலில் கதவு சொன்னான்: “ஆமாங்க, அந்த டீமுக்குப் போறேன், அதனால வேணும்னேதான் பந்தை விட்டேன்னு சொன்னா நம்புவீங்களா? போங்க, போய் வேலையைப் பாருங்க.”

செய்தியில் ‘பந்தை விட்டேன்’ வரைக்கும்தான் வந்தது. ‘ன்னு’வும் அதற்குப் பின்னால் வந்த வால் முழுவதும் அறுந்து குப்பைக்குப் போயிருந்தன.

அந்த நிருபனுக்கு ஆட்டக்காரர்கள் ‘கத்திரி’ என்று பேர் வைத்தது சும்மா இல்லை. மறுநாள் பயிற்சி மைதானத்தின் வாசலில் கதவு அவன் சட்டையைப் பிடித்தான்.

“கையை எடுங்க. நீங்க சொன்னதுதானே? ஒரு எழுத்தாவது நான் சேர்த்தேனா?”

“சேர்க்கல. வெட்டின.”

“அப்போ நான்தான் வெட்டினேன்னு போய் ஊர்ல சொல்லுங்களேன். எவன் நம்புறான்னு பாக்கலாம்.”

சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கத்திரி போய்விட்டான். பெனால்டி அடிப்பவன் எந்தக் காலை எப்படி வைப்பான் என்று பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவன் கதவு. ‘நான்தான் வெட்டினேன்னு’ என்று கத்திரி இளக்காரமாக இழுத்த இழுப்பு அவன் காதில் அப்படியே தங்கிவிட்டது.

கிளப் நிர்வாகம் அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டது. “ரெண்டு வாரத்துல தானா அடங்கிடும்” என்றார் மேனேஜர். அடங்கவில்லை. அடி விழுந்தது அண்ணன் தலையில்.

அண்ணன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பந்தாட்டம் சோறு போடும்வரை கதவும் அங்கேதான் முதுகு தேய மூட்டை தூக்கினான். தரையில் கிடக்கும் மூட்டையைத் தனியாளாக முதுகில் ஏற்ற முடியாது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். கிடங்கில் இருக்கிற அத்தனை பேரும் இந்த கிளப்புக்காக உயிரை விடுகிறவர்கள்.

“எவனும் கை கொடுக்க மாட்டேங்கிறான்டா,” என்றான் அண்ணன் போனில். “மூட்டைக்குப் பக்கத்துல நிக்கிறேன். கம்பத்தைச் சுத்திப் போற மாதிரி என்னைச் சுத்திப் போறானுங்க. கூலி போனா போகுது, இப்படி நிக்கிறதைத்தான் தாங்க முடியல. நீ வாயைத் திறந்து சொல்லுடா. உன் வாயால கேட்டா நம்புவானுங்க.”

“நேரலைல பேச வாய்ப்பு வரட்டும் அண்ணே. அங்கதான் வெட்ட முடியாது.”

வாய்ப்பு வந்தது. அடுத்த ஆட்டத்தில் கடைசி நிமிடப் பெனால்டியைக் கதவு பாய்ந்து தட்டிவிட்டான். ஜெயித்தார்கள். ஆட்டநாயகன் நேரலையில் பேசியே ஆக வேண்டும் என்பது போட்டி விதி. மேனேஜரின் பூட்டு அங்கே செல்லாது. விளம்பரப் பலகைக்கு முன்னால் மைக்கோடு நின்றவன் கத்திரியேதான்.

“அருமையான ஆட்டம்! சரி, போன தடவை பேசினதுக்கு இப்பவாவது ரசிகர்கள்கிட்ட மன்னிப்பு கேப்பீங்களா?”

கதவின் வாயில் பதில் தயாராக இருந்தது. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில். ஆனால் கத்திரியின் உதட்டோரத்தில் அதே இளக்காரச் சிரிப்பைக் கண்டதும், பெனால்டிக்கு ஓடிவருகிற காலைப் பார்த்ததுபோல அவன் உடம்பு முறுக்கிக்கொண்டது.

“பேசினது நான். வெட்டினது யாருங்க?”

கத்திரி கேமராவைப் பார்த்துச் சிரித்தான். “என்னங்க, நான்தான் வெட்டினேன்…”

‘ன்னு’ வெளியே வருவதற்குள் கையுறை போட்ட பெரிய கை மைக்கை மூடி இறுக்கியது. கத்திரியின் வாய் மட்டும் மீன்வாய்போல அசைந்தது. கதவு மைக்கைப் பிடுங்கித் தன் வாயருகே வைத்தான்.

“நீங்க சொன்னதுதான். ஒரு எழுத்து நான் சேர்க்கல.”

மைக்கைக் கேமராக்காரனிடம் நீட்டிவிட்டு நடந்தான். கேமராக்காரன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். கதவு குளித்துவிட்டு வருவதற்குள் அந்தத் துண்டு எல்லார் போனிலும் ஓடியது.

நடைபாதையில் வரும்போது அண்ணன் கூப்பிட்டான். “வயிறு வலிக்கச் சிரிச்சோம்டா! கிடங்கு மேஸ்திரி திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறான்.”

“அப்போ இனிமே கை கொடுப்பாங்கல்ல?”

அண்ணன் சிரிப்பு நின்றது. “மேஸ்திரி ஒண்ணு கேட்டான்டா. ‘அவன் மூக்கறுபட்டது சரி. உன் தம்பி பந்தை விட்டானா இல்லையா? அதை அவன் சொல்லலியே’ன்னான்.”

கதவு போனை மறு காதுக்கு மாற்றினான்.

“மைக்கு உன் கையிலதானேடா இருந்துச்சு? ‘நான் விடல’. ரெண்டே வார்த்தை.”

“அப்புறம் பேசுறேன் அண்ணே.”

நடைபாதைக் கோடியில் கேபிள் பெட்டிமேல் கத்திரி குந்தியிருந்தான். “சார், முழுசா கேளுங்க சார்… நான் அப்படிச் சொல்லல சார்…” என்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். முகம் வெளிறி, கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. கதவு நின்று, கண் குளிரப் பார்த்தான். அண்ணன் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பது நினைவில் முட்டியது. அப்படியும் மைக்கை இறுக்கிய உள்ளங்கையில் ஏறிய இனிப்பு இறங்கவில்லை.

இன்னொரு தடவை அந்த மைக் கிடைத்தால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் தெரிந்தது, மறுபடியும் இதையேதான். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.