பதினெட்டு வயதுக்கு ஒரு கார்

ஷோரூமில் மற்ற கார்களெல்லாம் வரிசையாக நிற்க, அந்த ஒன்றுக்கு மட்டும் தனி மேடை, தலைக்கு மேல் நாலு விளக்கு. மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

“சும்மா ஏறி உட்காரும்மா. உட்கார்ந்தா காசா கேக்கப் போறாங்க?” என்றார் அவளுடைய அப்பா. வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர். சுவர் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்கிற கறார் பேர்வழி. இன்றைக்கு முகமெல்லாம் பல்லாக நின்றார். “நீயும் வந்து உட்காரேன்,” என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முழங்காலையும் தோளையும் மடக்கி நீட்டுகிறவள். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேண்டாவெறுப்பாகத்தான் கூட வந்திருந்தாள். மகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தோலும் பசையும் கலந்த புதுக் காரின் வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். அவளுக்கு நாற்பத்தாறு வயது என்பதே மறந்து போனது.

அவளைப் பெற்ற அப்பா அந்தக் காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடைத்தெருவின் திருப்பத்தில், சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய சின்னக் கடை. ஊருக்கே பார்வை சரிசெய்து கொடுத்தவருக்குத் தன் கண் மட்டும் கைகொடுக்கவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரில் நிற்பது மனைவியா கதவா என்று குரலை வைத்துத்தான் சொல்வார். ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பலகையில் இருந்த எழுத்துகள் அவருக்கு மனப்பாடம். அவர்கள் பலகையை மாற்றியதுதான் கெடுதலாய்ப் போயிற்று.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து, ஓட்டப் பழகி உரிமமும் கைக்கு வந்த அன்றைக்குக் காலையில் வாசலில் மாதுளை நிறத்தில் ஒரு கார் நின்றது. அந்தத் தெருவில் டாக்டரிடம்கூட அப்படி ஒன்று கிடையாது.

“காலேஜ் போற பொண்ணுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கார்? நம்ம சமையலறையே இதவிடச் சின்னது,” என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சாவியை மகள் கையில் வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறி, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “எங்கயாவது போம்மா,” என்றார். “எங்கப்பா?” என்று கேட்டாள். “எங்கயாவது.”

ஞாயிற்றுக்கிழமை தோறும் அது வழக்கமாயிற்று. காலையில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். அப்பா பேசிக்கொண்டே வருவார். எந்தக் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார், எந்த மாடிப்படியில் அம்மாவை முதலில் பார்த்தார், எல்லாம். வெளியே நடப்பது பாதி அவருக்குத் தெரியாது. “அது என்ன, மரமா?” என்பார். “பெட்ரோல் பங்க்ப்பா.” “ஓ, பெருசா வச்சிருக்கான்.” அந்தக் காரினால் வந்த நல்லது எது என்று யாராவது கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் இன்றைக்கும் சொல்வாள்.

ஆனால் வாரத்தில் மற்ற நாட்களும் இருந்தன.

கார் வருவதற்கு முன்னால் அவள் ஏழாம் நம்பர் பஸ்ஸில் கல்லூரிக்குப் போனாள். கூடவே தோழி வாயாடி. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வைத்த பெயர். வாயாடியே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். அந்த பஸ்ஸை ஓட்டியவர் வாயாடியின் அப்பா. பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலோரம் இரண்டு பேருக்கும் பட்டா போட்ட இடம். அங்கே மடியில் நோட்டை வைத்து ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதுவாள். எழுத்தெல்லாம் நெளிந்து நெளிந்து போகும். “இது பஸ் கையெழுத்துதானே?” என்று விரிவுரையாளர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். சிரிப்புச் சத்தம் அளவு மீறினால், டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, ‘பீப்’ என்று சின்னதாய் ஒரு ஹாரன் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் தங்களுக்கென்று நினைத்து ஒதுங்குவார்கள். அவள் ஓடி வருவது தெரிந்தால் அரை நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைப்பார். கேட்டால், “கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க,” என்று பயணிகளிடம் சொல்வார்.

கார் வந்த முதல் வாரம் வாயாடியும் காரில் வந்தாள். ஆனால் காரில் ஏறினால் வாயாடிக்கு வாய் வரவில்லை. செருப்பைத் தட்டித் தட்டி மண் உதறிவிட்டு உள்ளே வைப்பாள். பையை சீட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்வாள். இரண்டாவது வாரம், “அப்பா பஸ்லயே போறேண்டி, அவருக்குப் பேச்சுத் துணை,” என்றாள். போகட்டும் என்று தோழியை விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது தலைகால் புரியவில்லை. கார் நிறுத்துமிடத்தில் இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பது பிடித்திருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் அவளுக்குக் கூச்சம்தான், ஆனால் அதுதான் உண்மை.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கல்லூரி வாசலுக்குச் சற்று முன்னால் ஏழாம் நம்பர் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஊர்ந்து போகப் பொறுமையில்லை. முந்திக்கொண்டு போய், பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலேயே ஒடித்துக் கல்லூரி கேட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. நீளமாய் ஒரு ஹாரன். அவள் நிற்கவில்லை. மணி அடித்துவிட்டது, ஓடினாள்.

பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடிக்காமல் சில்லறை எடுத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா ஒருவர் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. அது அவளுக்குத் தெரியாது. வாயாடி மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து, நூலகப் படிக்கட்டில் அவளை நிறுத்தினாள்.

“அப்பாவ வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க. விசாரணையாம். கவனமில்லாம ஓட்டினாருன்னு எழுதியிருக்காங்க.”

“அய்யோ, ஏன்டி? என்ன ஆச்சு?”

“உனக்கு நிஜமாவே தெரியாதா?”

பஸ்ஸுக்கு முன்னால் அவள் ஒடித்ததையும் தையல்காரம்மா விழுந்ததையும் வாயாடி சொன்னாள்.

“குறுக்க ஒரு கார் வந்துச்சுன்னு மட்டும் அப்பா சொன்னாரு. எந்தக் காருன்னு கேட்டா, கவனிக்கலங்கிறாரு. நான் சொல்றேன்னேன். வேண்டாம், சின்னப் பொண்ணு, படிக்கிற புள்ளன்னு என் வாயையும் அடைச்சிட்டாரு.” சொல்லிவிட்டு வாயாடி இறங்கிப் போய்விட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் கடைக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “அந்தம்மா வைத்தியச் செலவ நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் எதுவும் பேசாத. யாரும் நம்ம பேரச் சொல்லலையே. அது அப்படியே அடங்கிடும்மா.”

“அவர் வேலை போயிடும்ப்பா.”

“போகாது. விசாரணைன்னா ரெண்டு வாரம், மூணு வாரம். உன் பேர்ல கேஸ் ஆச்சுன்னா உன் படிப்பு என்ன ஆகறது?” அவளுடைய ஆயுளில் முதல்முறையாக அப்பாவைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ரொம்ப வருஷம் ஒரு மூலையில் கிடந்தது.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறி டெப்போவுக்குப் போனாள். கிரீஸ் வாடை அடிக்கும் அறை, டீ டம்ளர் வட்டம் வட்டமாய்ப் பதிந்த மேசை. மேலாளர் நிமிர்ந்து பார்க்காமலே, “பாஸ் புதுப்பிக்கணும்னா அடுத்த கவுண்டர்,” என்றார். “இல்ல சார். அந்தக் கார் என்னோடது,” என்றாள். அப்போதுதான் நிமிர்ந்தார். ஒரு தாளை நகர்த்தி வைத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

டிரைவர் மறுவாரமே வேலைக்குத் திரும்பினார். அவளுடைய உரிமத்தை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கார் உறை போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. அவள் மறுபடி ஏழாம் நம்பருக்குப் போனாள். முதல் நாள் கால் தயங்கித் தயங்கித் தூரத்திலேயே நின்றுவிட்டாள். பஸ் கிளம்பவில்லை. நின்றுகொண்டே இருந்தது. “கிளட்ச் மக்கர் பண்ணுதுங்க,” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. ஏறிவிட்டாள். வாயாடி அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்து, ஜன்னலோரத்திலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள்.

“அம்மா, எப்படி இருக்கு?” மகள் ஷோரூம் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “இன்னிக்கு வேண்டாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்,” என்று ஜன்னல் வழியாகக் கணவரிடம் சொன்னாள். அவர் முகம் காற்றுப்போன பலூன் மாதிரி ஆயிற்று.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து, கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கதையை முழுசாகச் சொன்னாள். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அதனாலதான் இவளுக்குக் கார் வேண்டாங்கறேன்,” என்று முடித்தாள். மகள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“சரிம்மா. அது நீ செஞ்ச தப்பு. அதுக்கு நான் எதுக்கு பஸ்ல போகணும்?”

நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயாடிக்குப் போன் போட்டாள். வாயாடி இப்போது வேறு ஊரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. வருஷத்துக்கு இரண்டு தடவை பேசிக்கொள்வார்கள். அந்தக் காரைப் பற்றி மட்டும் இருவருமே பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தாரே, அது உனக்குத் தெரியும்ல?” என்றாள் வாயாடி.

“எங்கப்பாவா? எப்போ?”

“அடிப்பாவி, சொல்லவே இல்லையா அவரு? நீ டெப்போவுக்குப் போன அன்னிக்கு சாயங்காலம். தனியா பஸ்ல ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, எங்க தெருவுல வீடு வீடா விசாரிச்சிருக்காரு. இருட்டற நேரம், அவருக்குக் கண்ணு வேற தெரியல. பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, அவங்ககிட்டயே மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சிட்டாரு. அவங்க பயந்துட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“எங்கப்பா முன்னால நின்னுக்கிட்டே இருந்தாரு. உட்காரவே இல்ல. ‘என் பொண்ணு செய்ய வேண்டியதச் செஞ்சிட்டா. நான் செய்ய வேண்டாம்னு சொன்னேன். அதுக்குத்தான் வந்தேன்’னாரு. அப்புறம், ‘நான் ஓட்ட முடியலேன்னு அவ தலையில கொண்டுபோய் வச்சேன்’னு அழுதாரு. எங்கப்பாதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டாரு.”

போனை மேசையில் வைத்தாள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம். அவர் கண் மங்கிய கடைசி நாட்களில், மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் இருந்தாள். அப்போதுகூட அந்த விஷயத்தை இரண்டு பேரும் தொடவில்லை.

கணவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கண்ணைப் பார்த்துவிட்டு, “என்னாச்சு?” என்றார். சொன்னாள். அவர் மேசையை விரலால் தேய்த்தார்.

“எனக்குப் பதினெட்டு வயசுல சைக்கிள்கூட இரவல்தான். அந்த ஷோரூமுக்குள்ள நுழைஞ்சதும், இவ ஏறி உட்கார்ந்ததப் பாத்ததும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“உங்களுக்கு ஆசையா இருக்குன்னா உங்களுக்கு வாங்குங்க. அவ பேரச் சொல்லி எதுக்கு?”

“எனக்கா? இந்தத் தொந்தியோட அதுல ஏறினா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

அவரும் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. அடுத்த மாதம் அவர் பேரிலேயே ஒரு கார் வாங்கினார். மேடையில் நின்றது இல்லை, வரிசையில் நின்றதில் ஒன்று. தினமும் காலையில் தானே துடைக்கிறார். வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டு போவதில்லை, சிமெண்ட் படியுமாம்.

மகள் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறந்தநாளன்றும் கேக்கை வெட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாயும் சமாதானம் பேசப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து மகள் தானே வந்து, அம்மா தன் பழைய சின்னக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இத நான் ஓட்டிப் பழகலாமா? இதுக்கும் ஏதாவது கதை இருக்கா?”

“இதுக்கு ஒண்ணும் கதை கிடையாது. ஏறு,” என்று அவள் இறங்கி, பக்கத்து சீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனாள்.