ஐந்து டன் மாங்காய்

எங்கள் மூன்று ஏக்கர் தோப்பில் நல்ல வருஷத்தில் பன்னிரண்டு டன் பெங்களூரா மாங்காய் காய்க்கும். இதை இப்போது ஊரே கேட்கச் சொல்கிறேன். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாத வாய் இது, இதில் மண்ணைத்தான் அள்ளிப் போடவேண்டும்.

சூளகிரிப் பக்கம் எங்கள் தோப்புக்கு மேற்கே கல் உடைக்கும் கிரஷர் வந்து ஆறு வருஷமாகிறது. தை மாதம் மா பூவெடுக்கும்போது பனியும் அதிலிருந்து பறக்கும் கல்தூளும் சேர்ந்து பூங்கொத்தின்மேல் சிமென்ட் பூசினாற்போல் இறுகிவிடும். தேனீ கிட்டே வராது. பிஞ்சு பிடிக்காமல் கொத்துக்கொத்தாகக் கருகி உதிரும். பன்னிரண்டு ஒன்பதாகி, ஏழாகி, இப்போது மூன்று வருஷமாக ஐந்தில் நிற்கிறது.

அது போதாதென்று கிழக்கேயும் இன்னொரு கிரஷர் போட மனுக் கொடுத்தார்கள். கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். தூசியால் விளைச்சல் குறைந்தது என்று நிரூபித்தால் அனுமதி கிடைக்காது. நிரூபிக்காவிட்டால் இரண்டு பக்கமும் தூசி, நடுவில் எங்கள் தோப்பு. அவ்வளவுதான், தோப்புக்குச் சங்குதான்.

என் வீட்டுக்காரர் முனிராஜ் கருகின பூங்கொத்துகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் கிரஷர் மேனேஜர் ஹரீஷ்குமார் எழுந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு ஃபைல்.

"சார், இது கவர்மென்ட் கணக்கெடுப்பு. கிரஷர் வர்றதுக்கு முன்னாடி இவங்க தோட்டத்துல அஞ்சு டன். போன வருஷமும் அஞ்சு டன். எங்க சார் குறைஞ்சுது?"

தகவல் கொடுத்தவர் யார் என்று அதிகாரி கேட்டார். அவன் படித்தான். "பூவம்மாள், முனிராஜ் மனைவி."

நான்தான்.

வருஷாவருஷம் ஸ்வாதி என்று ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு கணக்கெடுக்க வருவாள். "எவ்ளோக்கா காய்ச்சுது?" என்பாள். "என்னாத்தக் கண்ணு காய்ச்சுது, அஞ்சு டன்னு தேறினாப் பெருசு" என்பேன். எனக்குப் பின்னால் கிளை ஒடியக் காய் தொங்கிக்கொண்டிருக்கும்! நிறைய என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடாதா? ஊரில் எவள்தான் சரியாகச் சொன்னாள்? கடைசி மூன்று வருஷமாக நிஜமாகவே ஐந்துதான் என்றானபோது, இனிக் கண் பட இதில் என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். நான் உண்மை பேசியது அந்த மூன்று வருஷம்தான். அதுதான் என் கழுத்தை அறுத்தது.

எழுந்தேன். "சார், அப்ப நான் பொய் சொன்னேங்க. பன்னண்டு டன் காய்ச்சுதுங்க."

"வித்த சீட்டு இருக்குதாம்மா?" என்றார் அதிகாரி.

சீட்டு ஏது? வியாபாரி வருவான், மரத்தைப் பார்ப்பான், வாய்வார்த்தையில் பேசி முடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவான்.

"அப்ப சொன்னது பொய்யின்னா, இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்பறதுங்க?" என்றான் ஹரீஷ்குமார். மண்டபத்தில் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள்.

அந்த அதிகாரியைக் குற்றம் சொல்லமாட்டேன். கூட்டத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "வேற யாராவது இந்த மாதிரி குறைச்சுச் சொல்லியிருந்தா கையைத் தூக்குங்க. ஒரு பத்துப் பேர் இருந்தாக்கூட நான் எழுதிக்கறேன்."

பதினான்கு வீட்டுத் தோப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கங்கப்பன் அண்ணன் தோப்பு. எட்டு டன் எடுத்துவிட்டு மூன்று என்று சொல்கிற மனுஷன். துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஒரு கை எழவில்லை.

பிறகு ஒரு கை எழுந்தது. என் வீட்டுக்காரருடையது. ஸ்வாதியிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியிராதவர், நான் மட்டும் நிற்கிறேனே என்று தூக்கினார். அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் கங்கப்பன் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணா, உன் கையில என்னா கொழுக்கட்டையா இருந்துது?"

"கோவிச்சுக்காத பூவு. பொய்க் கணக்கு குடுத்தேன்னு ஒத்துக்கினா சொட்டுநீர் மானியம் நின்னுடும்."

"நீரு வரும்ணா. அதை ஊத்தறதுக்கு மரம் இருக்குமா?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். அருகிலுள்ள மா விவசாயி பூவம்மாள் தொடர்ந்து அளித்துவந்த தகவலின்படி விளைச்சலில் குறைவு ஏதும் இல்லை, ஆகவே அனுமதி வழங்கப்படுகிறது. படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் பாவி மனுஷன், நாலு அறைகூட விட்டிருக்கலாம். நான் அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்த தை பிறந்தபோது கிழக்குப் பக்கமும் மெஷின் ஓடியது. பூ எந்தக் கொத்து, இலை எந்தக் கொத்து என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல்.

"மரம் அறுக்கிற சென்னகிருஷ்ணனுக்கு போன் போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பூவெடுக்கிற நேரமுங்க."

"எடுத்து?"

போட்டேன். அந்தப் பக்கம் அறுவை மெஷின் இரைச்சல். சென்னகிருஷ்ணன் கத்திப் பேசினான். "எத்தனை மரம்க்கா?"

"நூத்திப் பத்து" என்றேன். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.