பதினோரு பேரும் ஒரு கோவேறு கழுதையும்

ஒரே தோட்டாவில் பதினோரு எதிரிகளையும் ஒரு கோவேறு கழுதையையும் சாய்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அப்போதும் களைக்காத தோட்டா, பாறையில் மோதி என் காலடிக்கே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. தொண்ணூற்றொன்பது சண்டையில், எல்லைப் பனிமலையில் நடந்தது. பாலிகஞ்சில் எங்கள் சர்ச்சுக்கு வருகிற அத்தனை பேருக்கும் இது மனப்பாடம்.

சந்தானம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். என்னோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். இப்போது ஹவுராவில் மகள் வீட்டில் இருக்கிறான்.

"ஒருத்தனும் சாகல. உன் குண்டு பாறையில பட்டுச்சு, அவன் ஓடிட்டான். நான்தான போய்ப் பாத்தேன்."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இதே வாக்கியம்.

உண்மையில் அங்கே இருந்த எதிரி ஒருவன்தான். உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, உள்ளே போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். சுட்டேன்; பாறைக்குப் பின்னால் சரிந்தான். ஷூவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. மீதிப் பத்துப் பேரும் கழுதையும் நான் சேர்த்தவர்கள். கூட்டம் பெருகினால் அவன் முகம் கொஞ்சம் மறையும்.

ஆனாலும் பூசையில் நற்கருணை வாங்க எழுந்ததில்லை; அதற்கு முதலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்றிருக்க வேண்டும். கொன்றேனா இல்லையா என்றே தெரியாமல் பாவசங்கீர்த்தனத்தில் எதைச் சொல்வது? எழ முடியாத முழங்கால் வலி என்று மனைவி அமலாவிடமும் சந்தானத்திடமும் சொன்னேன். பாவம், அன்றிலிருந்து தைலம் தேய்க்கிறாள். இந்த வருஷம் எனக்கே அலுத்துவிட்டது.

கல்லறைத் திருநாளன்று, இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். சந்தானத்தை வரவழைத்துக் கூடவே வைத்துக்கொண்டு, 'பெயர் தெரியாத ஒருவர், என் கையால்' என்று எழுதி நீட்டினேன்.

ஃபாதர் ஜெயந்த் வங்காளி, சின்ன வயசு; என்னைச் சித்தப்பா முறையில் 'காக்கு' என்பார். படித்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"காக்கு, போன வருஷம் மோத்தின்னு எழுதிக் குடுத்தீங்க. நானும் பீடத்துல நின்னு வாசிச்சேன். அப்புறம்தான் அது உங்க கதையில வர்ற கழுதைன்னு தெரிஞ்சுது. பிஷப் வரைக்கும் போயிடுச்சு. இந்த வருஷம் வேண்டாம்."

"இது கதை இல்ல ஃபாதர். இவன் கூட இருந்தான், கேளுங்க."

சந்தானம் வழக்கம்போல வாயைத் திறந்தான். "பாறையில..."

"சந்தானம், எனக்கு முழங்கால்ல வலியே கிடையாதுடா."

அவன் நிறுத்திக்கொண்டான்.

"அன்னைக்குச் சுட்டதுக்கப்புறம் நீ ரெண்டு நாளா சாப்பிடல. ஜெபமாலையப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்த. சண்டை வேற பாக்கி இருந்துச்சு. துப்பாக்கியத் தொடமாட்டியோன்னு பயம். அதான் பாறைன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு ஷூ கால்ல இருந்துச்சு. இன்னொண்ணக் கையில இறுக்கிப் புடிச்சிருந்தான்."

என் கையிலிருந்த சீட்டை வாங்கி, ஃபாதர் முன்னால் வைத்தான்.

"வாசிங்க ஃபாதர். கழுதையெல்லாம் இல்ல. ஒரே ஆளு. நடந்துச்சு."