வெட்டிய ஓரம்

ராஜபாளையத்தில் எந்தத் தெருவுக்கு யார் பெயர் வைத்தது, எந்த மில்லில் முதல் சங்கு எந்த வருஷம் ஊதியது என்று கேட்டால் பொன்மணி டீச்சர் தூக்கத்திலும் சொல்வார். ஓய்வு பெற்ற பதினொரு வருஷமாக இதே வேலை. வீடு வீடாகப் போய்ப் பழைய படங்களை வாங்குவார். திருப்பித் தருவதாகச் சத்தியம் பண்ணுவார். ஆல்பத்தில் ஒட்டிவிடுவார். திருப்பித் தந்த கதை அபூர்வம். தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் வரலாறு எழுதி அச்சடித்திருந்தார். ஊர் மெச்சியதில் டீச்சருக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்தப் பள்ளியில் சத்துணவு சமைத்த ஆயாவின் மகள் மாரிச்செல்வி, ஒரு காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஆயா இறந்து பத்து நாள் ஆகிறதாம். பதினாறாம் நாள் மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதை அம்மா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்தை டீச்சர் எப்போதோ தங்கள் வீட்டிலிருந்து வாங்கிப் போனாராமே, அதைத் தந்தால் ஸ்டூடியோவில் பெரிசு பண்ணிக்கொள்வாள்.

படம் டீச்சரின் ஆல்பத்தில்தான் இருந்தது. பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று வலது ஓரத்தைக் கத்தரித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரையும் மில் முதலாளியையும் வெட்ட மனசு வருமா? ஓரத்தில் நின்றது ஆயாதானே. அந்தத் துண்டு அன்றைக்கே குப்பையோடு போயிற்று.

கரையான் அரித்துவிட்டது என்று சொன்னார். பொய் சொல்லாதே என்று முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை அதட்டிய வாய்தான். சொன்னதும் காது மடல் சுட்டது.

மாரிச்செல்வி நம்பிவிட்டாள். நம்பியதோடு நில்லாமல் டீச்சரையே தேற்ற ஆரம்பித்ததுதான் கொடுமை. "விடுங்க டீச்சர், ஒங்களுக்கு எம்புட்டு சோலி. நீங்க எழுதுன புஸ்தகத்துல அம்மா பேரு இருக்கும்லா? அந்தப் பக்கத்த வச்சு மாலை போட்டுக்கிடுதோம்."

புத்தகத்தில் இருபத்தேழு ஆசிரியர்களின் பெயர்கள் பட்டங்களோடு இருந்தன. சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. ஆயா இல்லை. இதற்குமேல் மறைக்க டீச்சருக்கே கூசியது. ஆல்பத்தை எடுத்து வந்து விரித்தார். கரையான் இல்லை, நான்தான் வெட்டினேன், புத்தகத்திலும் எழுதவில்லை என்று சொல்லி முடித்தார்.

மாரிச்செல்வி படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் டீச்சருக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை.

"ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அம்மா சொல்லும். ஒரு அட்டைல அம்மா பேரப் பெருசா எழுதித் தாங்க. கண்ணாடி போட்டு மாட்டிக்கிடுதேன்."

இதாவது தன்னால் முடியும் என்று டீச்சர் ஓடிப்போய் அட்டையும் பேனாவும் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றார். ருசி பார்க்கிறேன் என்ற பேரில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவின் கை போட்ட சோற்றைத் தின்றவர். ஆயா, குழம்பு. ஆயா, தண்ணி. அதற்குமேல் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

மாரிச்செல்வி காத்திருந்தாள். டீச்சர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அம்மா பேரு என்னம்மா?"

மாரிச்செல்வி கையை நீட்டினாள்.

"பேனாவ இங்க தாங்க டீச்சர். நானே எழுதிக்கிடுதேன்."