சூடேறாத எஞ்சின்

ஜான்சனின் ஆட்கள் அம்மாசியைக் கார் டிக்கியிலிருந்து இறக்கினார்கள். முன்பல் இரண்டு இல்லை. சட்டை முழுக்க ரத்தம்.

"பாய், உனக்கு சென்சார் வித்தவன் இவன்தானே?" என்றான் ஜான்சன்.

ஷஃபியுல்லா ஸ்பானரைக் கீழே வைத்தான். "இவன்தான்."

காலை பதினொரு மணி. அடையாறு காந்தி நகரில் அவனுடைய மெக்கானிக் ஷெட். வெளியே கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

முந்தின நாள் அடையாறு பாலத்தில் ஜான்சனின் கார் கரும்புகை கக்கி நின்றுபோனது. எண்பத்தாறாம் வருடத்து ஜப்பான் வண்டி; இப்போது ஷெட்டில் நின்றதும் அதுதான். பைக்கில் துரத்தி வந்த இருவருக்கு அது போதும். ஸ்டியரிங்கில் இருந்தது ஜான்சனின் தம்பி. ஒன்பது வெட்டு. இன்னும் கண் திறக்கவில்லை.

ஒரு மாதமாக அதே கோளாறு. ஷஃபியுல்லா, ஆக்ஸிலேட்டர் மிதிப்பைச் சொல்லும் த்ராட்டில் சென்சாரைத் திருகித் திருகி அளவு வைத்தான். தண்ணீரின் சூட்டை எஞ்சினுக்குச் சொல்லும் சென்சாரை மூன்று முறை மாற்றினான். மூன்றும் புதுப்பேட்டையில் அம்மாசி கடையில் வாங்கியவை. புகை நிற்காதபோதெல்லாம், அம்மாசி டுப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று ஜான்சனிடம் சொன்னான்.

"இப்போ என் எதிர்ல பாத்து சொல்லு. டுப்ளிகேட்டுன்னா இவன் கை இங்கியே இருக்கும்."

அம்மாசியின் இடது கையை வைஸ் இடுக்கியில் வைத்துத் திருகினார்கள்.

"நல்ல மால் நைனா! பாய், சொல்லு பாய்!"

ஷஃபியுல்லா சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் டீயில் முக்கினான். சூடு ஏற ஏற மீட்டரில் மின்தடை எண் சரியாக இறங்கியது. திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டான். கால் மணி நேரம் கழித்து ரேடியேட்டர் குழாயைத் தொட்டான். வெதுவெதுப்புதான்.

தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு அதில் இல்லை. எந்த வண்டி வந்தாலும் முதலில் அதைப் பிடுங்கி எறிவான். மெட்ராஸ் வெயிலுக்கு அது எதற்கு என்பான். ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். கார்பரேட்டர் வண்டிகள் பொறுத்துக்கொண்டன. சென்சார் சொல்வதை நம்பும் இந்த வண்டி, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி பெட்ரோலைக் கொட்டியது.

"இன்னா பாய், டுப்ளிகேட்டா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். வைஸை இன்னொரு சுற்றுத் திருகினார்கள். எலும்பு முறிந்தது.

"சென்சார் நல்லா கீது," என்றான் ஷஃபியுல்லா. "வால்வ நான்தான் கழட்டிட்டேன். தப்பு என்னுது."

"காட்டு."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, காற்றுப் படாதபடி ரேடியேட்டரின் முன் செருகினான். குழாய் சுட்டது. புகை மெலிந்து நின்றது. எஞ்சின் சீராக ஓடியது.

ஜான்சன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு அட்ட. அவ்ளோதானா?"

அம்மாசியின் கையை வைஸிலிருந்து எடுக்கச் சொன்னான். ஷஃபியுல்லாவை இழுத்து, அவன் வலது கையை பானெட்டின் அடியில் விளிம்பில் அழுத்திப் பிடித்தார்கள்.

"அம்மாசி, பானெட்ட நீ மூடு."

"டேய், உன்ன காப்பாத்திக்கீறேன்டா," என்றான் ஷஃபியுல்லா.

அம்மாசி ரத்தம் துப்பினான். "மூணு தபா நல்ல மால் குட்த்தேன் பாய்."

நல்ல கையால் பானெட்டைப் பிடித்தான். உடம்பின் எடை முழுவதையும் போட்டு இறக்கினான்.

பிறகு மறுபடி தூக்கினான்.