மஞ்சள் துணி சுற்றிய உண்டியல்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்த சத்தியம் இது. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொன்ன வாய் கோணிக்கொள்ளட்டும்.

நகரியில் விசைத்தறி ஓட்டும் வேதாச்சலம் நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகினான். ஆசைப்பட்டு அல்ல. மகள் ரக்ஷிதாவின் பள்ளிக்கூடத்துக் கூரை புயலில் பறந்துவிட்டது. பெற்றோர்கள் திருப்பதி வரை சைக்கிளில் போய், வழியெல்லாம் உண்டியல் வசூல் செய்வதென்று ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார்.

"எங்க நைனா வரும்னு கிளாஸ் பூரா சொல்ட்டேன். நீ வரலைன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்?" என்றாள் ரக்ஷிதா.

ராத்திரி ஷிப்டில் நின்று நின்று வீங்கின கால் அவனுக்கு. பழகும்போது அவன் விழுந்து விழுந்து எழுந்ததில் தெருவின் மேடெல்லாம் அமுங்கிச் சமமாகிவிட்டது. பெயர் என்னவோ கவுன்சிலருக்குப் போனது.

லாரிக்காரன் கண்ணில் படட்டுமென்று மனைவி இந்திராணி அவன் வேட்டி சட்டையை மஞ்சளில் முக்கினாள். மிஞ்சிய மஞ்சளில் ஒரு துணியை நனைத்து உண்டியலுக்குச் சுற்றி ஹேண்டிலில் கட்டினாள். அங்கேதான் காரியம் கெட்டது.

புரட்டாசி மாதம். அந்த ரோட்டில் மஞ்சள் கட்டினவன் எவனும் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டவன்தான். புத்தூரில் ஒரு அம்மாள் மறித்து, "கோயிந்தா" என்று உண்டியலில் காசு போட்டாள்.

"இது இஸ்கூலுக்கும்மா..."

"பேசாத சாமி, வெரதம் கெட்டுப்பூடும். துன்னு." வாயில் புளிசாதத்தை அடைத்தாள்.

அவளைப் பார்த்து மற்றவர்களும் அடைத்தார்கள். வடமாலப்பேட்டை வரை அவன் வாய் காலியாகவே இல்லை. அங்கே வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டிக்கொள்ள, ரோட்டைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டே போனான். பின்னால் வந்த பஸ் ரோடு இல்லாமல் நின்றது. கண்டக்டர் தெலுங்கில் திட்டினான். திரும்பிப் பார்க்கக்கூட இவனுக்குத் தெம்பில்லை.

திருப்பதியில் ஹெட்மாஸ்டரும் ரக்ஷிதாவும் காத்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் கை நீட்ட, வேதாச்சலம் உண்டியலைக் கட்டிக்கொண்டான்.

"சார், இது பெருமாள் காசு. கோயிந்தான்னு போட்டத நான் எப்டி குடுக்கிறது?"

ஹெட்மாஸ்டரும் நகரிக்காரர்தான்; பெருமாள் காசென்றால் அவருக்கும் பயம். நீட்டின கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெருமாளுக்குக் கூரை இருக்குது நைனா," என்றாள் ரக்ஷிதா. "தங்கத்துலயே இருக்குது. எங்களுக்குத்தான் தகரம்கூட இல்ல."

வேதாச்சலம் மலையை அண்ணாந்து பார்த்தான். ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வரக் காலில் உயிர் இல்லை. சைக்கிளில் சாய்ந்தபடியே கைகூப்பினான்.

"இவங்களுக்குக் குடுத்துடட்டா சாமி? வேணாம்னா இப்பவே சொல்லிடு."

மரியாதைக்குக் கொஞ்சநேரம் காத்திருந்தான். மேலேயிருந்து மறுப்பு வரவில்லை. உண்டியலை மகள் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"கனமா இருக்குது நைனா."

"இருக்கும்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

கற்பூரம் அணைத்த சத்தியத்தில் ஒன்று மட்டும் பாக்கி: வேதாச்சலத்துக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, சொன்ன வாயும் கோணவில்லை.