லிட்டருக்கு இருபத்திரண்டு

தையற்காரரின் மனைவி செல்லும்போது மட்டும், சிறுநீரக மருத்துவமனைக்குப் போகும் சாலை ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று கிலோமீட்டர் நீண்டது. மற்றவர்களுக்கு அது என்றும் நாற்பது கிலோமீட்டர்தான். வாரம் இருமுறை அங்கே சென்று இரத்தத்தைச் சுத்திகரித்தால்தான் அவள் உயிரோடிருப்பாள். மருத்துவமனைக்கு எதிரிலேயே அறை எடுத்துப் பார்த்தார்கள், தெரு நீண்டது. உள்ளேயே படுக்கை வாங்கினார்கள், தாழ்வாரம் நீண்டது. நான்காம் மாதம் பேருந்து நடத்துநர் கைகூப்பினார்: “அம்மா, நீங்க ஏறினா வண்டி போய்ச் சேரவே மாட்டேங்குது. கோவிச்சுக்காம இறங்கிடுங்க.”

எனவே சொந்தமாக ஒரு சிறிய கார் தேவைப்பட்டது. ஊர்க்கோடியை விட்டால் மருத்துவமனை வரை பெட்ரோல் பங்கு கிடையாது. கேனில் ஊற்றுவதற்கும் தடை. ஒருமுறை நிரப்பும் முப்பத்தைந்து லிட்டரில் போய்த் திரும்பியாக வேண்டும். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினால் அவளுக்கு மூன்று வாரம் கூடும் என்று தையற்காரர் கணக்கிட்டிருந்தார்.

“இருபத்தஞ்சு குடுக்கும் சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றான் விற்பனையாளன், பளபளக்கும் சக்கரங்களைத் தட்டியபடி.

“அளவெடுக்காம நான் யாருக்கும் துணி வெட்டுனதில்ல தம்பி.”

மனைவியை முன்னிருக்கையில் அமர்த்தி, விற்பனையாளனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மருத்துவ நாள்தோறும் ஒரு வண்டியாக ஓட்டிப் பார்த்தார். பளபளப்பான வண்டி பதினெட்டைத் தாண்டவில்லை. சாலை நீள்வதைக் கண்ணால் கண்ட விற்பனையாளன், மூன்றாம் நாள் மாலை கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். “பெரிய திரை, பெரிய டயர் எதுவும் வேணாம் சார். அந்த மூலையில நிக்கிற குட்டி வண்டி. எங்கம்மாவா இருந்தா அதைத்தான் எடுப்பேன்.” அது இருபத்திரண்டு கொடுத்தது.

அதன்படி, முதல் பயணத்திலிருந்து எண்ணினால் நூற்றுப்பதினைந்து பயணங்கள். வெட்டு மேசையின் விளிம்பில் அத்தனை கோடுகளைச் சுண்ணக்கட்டியால் போட்டு, ஏற்கெனவே போய்வந்தவற்றை அழித்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாக அழித்து வந்தார். எடை குறையட்டும் என்று மாற்றுச் சக்கரத்தையும் பின்னிருக்கையையும் கழற்றினார், தரைவிரிப்பை உரித்தார். “என்னை மட்டும் எதுக்கு விட்டு வச்சிருக்கீங்க?” என்றாள் மனைவி. “நானும் இறங்கிட்டா அம்பது போகும்.” அவர் சிரிக்கவில்லை.

கடைசிக் கோட்டை அழித்த நாள், திரும்பி வந்தபோது தொட்டியில் ஒன்பது லிட்டர் மீந்திருந்தது. அடுத்த வாரம் பதினொன்று. இரண்டு நாள் அவர் சீட்டியடித்துக்கொண்டே தைத்தார். மூன்றாம் நாள், மாதந்தோறும் செய்வதைப் போல, அவளுடைய சட்டையைப் பக்கவாட்டில் பிடித்துச் சுருக்க எடுத்தார். பிடிப்பதற்கு இனித் துணி இல்லை. அளவெடுக்காமல் வெட்டியறியாத மனிதர், மாதாமாதம் அவள் சட்டையைச் சுருக்கிக்கொண்டே இருந்தவர், வண்டியின் கணக்கில் மட்டும் முதல் நாள் பார்த்த அவளுடைய ஐம்பத்தெட்டுக் கிலோவையே வைத்திருந்தார். மீந்த பெட்ரோல் எல்லாம் அவள் உடம்பிலிருந்து கழிந்தது.

அதன்பின் சாலை ஐந்நூறைத் தாண்டியது, அறுநூறைத் தாண்டியது. நிரம்பிய தொட்டியைக் காட்டியபடியே பெட்ரோல் முள் அசைவதை நிறுத்தியது. சன்னல் திறந்திருந்த ஒரு நாள் அவள் இருக்கையிலிருந்து ஒரு சாண் எழும்பினாள். திரைச்சீலைகளுக்குத் தைக்கும் ஈயக்குண்டுகளை அவர் அவளது அங்கியின் விளிம்பில் வைத்துத் தைத்தார். ஒவ்வொரு குண்டும் தூரத்தில் இவ்வளவு தின்னும் என்று இப்போது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

“இன்னிக்குத் தூரம் அதிகங்க. ரெண்டு குண்டை எடுத்துடுங்களேன்.”

“எடுத்தா பறந்துடுவே. பேசாம உக்காரு.”

பங்கில் இருப்பவர் இப்போதெல்லாம் குழாயை எடுப்பதில்லை. முன்கண்ணாடியைத் துடைக்கிறார், அவளுடைய பக்கத்துச் சன்னல் முழுமையாக ஏற்றப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார், போகலாம் என்று கையசைக்கிறார்.